மாத்திரையைச் சேமித்து வைத்தால் அதன் வலிமை மிஞ்சுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. மயிலாடுதுறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி, லீவோடோபா கலந்த மாத்திரையைத் தினமும் மூன்று வேளை எழுதித் தந்தார். "அந்த மாத்திரைக்கு ஐந்து வருடம்தான் வேகம், அப்புறம் எதுவும் கேட்காது" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா மாத்திரையைப் பாதியாக உடைத்து, மிகவும் முடியாதபோது மட்டும், சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறார். நிலைப்படி அருகே வந்தால் கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். "முகம் கொடுத்தே பேசுவதில்லை, வேண்டுமென்றே செய்கிறார்" என்று அம்மா அழுகிறார். தூக்கத்தில் கத்திக் கை கால்களை உதறுவதால் அம்மா தரையில் படுக்கிறார். தலைசுற்றலுக்கு எட்டு மாதமாக மருந்துக் கடையில் சின்னரிசின் வாங்கிப் போடுகிறோம். பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவுக்கு நினைவு போய்விடுமா? இது எனக்கும் வருமா? வங்கியில் அவர் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வெளியே வருவதே இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பாதி ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அப்பா மருந்தைச் சேமித்து வைக்கிறார். நல்ல எண்ணத்தோடு, வரப்போகும் கஷ்ட காலத்துக்காக, இன்றைக்குத் தன் உடம்பை வருத்திக்கொண்டு சேமிக்கிறார். ஆனால் இந்தச் சேமிப்பில் ஒரு பைசாகூடத் திரும்பி வராது. இதை அவருக்குப் புரியவைத்துவிட்டால் மற்றவற்றில் பல தாமாகவே இளகும் என்பதால், அதைப் பற்றியே முதலில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நடுமூளையில் கருமை நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரந்து, நாம் நினைக்காமலே நடக்கும் அசைவுகளை, அதாவது நடக்கும்போது கை வீசுவது, கண் இமைப்பது, பேசும்போது முகம் மலர்வது போன்றவற்றைச் சீராக நடத்துகின்றன. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரைக் கொண்டு விவரித்த இந்த நோயில், அந்தச் செல்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் நாளிலேயே அவற்றில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். இந்நோயில் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960இல் கண்டறிந்தார். மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் லீவோடோபாவை வாய்வழியாக, படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைக்க முடியும் என்று அமெரிக்காவில் கோட்சியாஸ் 1967இல் காட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், அதைவிடச் சிறந்த மாத்திரை இந்நோய்க்கு இன்னும் வரவில்லை.

அப்படியானால் "ஐந்து வருடம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் ஓர் உண்மையான அனுபவம் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்குவதுபோல் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே மாத்திரை மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும், சிலருக்கு அது உச்சத்தில் இருக்கும் வேளையில் உடல் தானாக நெளியும். இதைப் பார்த்தவர்கள் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் நடப்பது வேறு. நீங்கள் காவிரிப் படுகைக்காரர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: குளம் ஆழமாக இருக்கும்வரை, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் குளம் அதைத் தேக்கி வைத்து வயலுக்குச் சீராகக் கொடுக்கும். குளம் தூர்ந்துபோனால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நேரத்தில் மட்டும்தான் வயல் நனையும். அது தண்ணீரின் குறை இல்லை. லீவோடோபாவைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் குளம் என்பது மிஞ்சியிருக்கும் அந்த நரம்புச் செல்கள்தான். அவை நோயால் குறைகின்றன. நீங்கள் மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குறைகின்றன.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. வசதியின்மையால் ஆப்பிரிக்காவின் கானாவில் நோயாளிகள் பலருக்கு மருந்து தாமதமாகவே கிடைத்தது. இத்தாலியில் சீக்கிரமே கிடைத்தது. இரு நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், கானாவில் சராசரியாக நோய் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும், இத்தாலியில் இரண்டரை ஆண்டுகளுக்குள்ளும் லீவோடோபா தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் மருந்து சீக்கிரம் தீர்வதும், உடல் நெளிவதும் இரு நாட்டிலும் நோய் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரே கால அளவில்தான் வந்தன. தாமதமாகத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்தது, மருந்தில்லாமல் கழித்த கூடுதல் ஆண்டுகள் மட்டுமே. நெதர்லாந்தில் 445 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வும், உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் 80ஆவது வாரத்தில் நோயின் நிலையில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. மருந்து நோயை நிறுத்துவதில்லை, வளர்ப்பதும் இல்லை. அளவு தேவைக்கு மேல் கூடினால் நெளிவு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதனால்தான் மருத்துவர் போதுமான குறைந்த அளவைத் தேடி எழுதுகிறார். அந்த அளவையும் பாதியாக்கி, நினைத்தபோது போடுவது அவர் எழுதித் தந்த மருத்துவமே ஆகாது.

அடுத்தது நேரம். ரத்தத்தில் லீவோடோபாவின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே வரும். இதைக் கணக்கு ஆசிரியரான உங்கள் அப்பாவிடம் ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்; எட்டு மணி மாத்திரை இரண்டு மணிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அவரே போட்டுப் பார்த்தால், நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அது அவருக்கு நன்றாக விளங்கும். பிற நோய்களுக்கான மாத்திரைகளைப் போல "காலை, மதியம், இரவு" என்று இதைச் சொல்லக் கூடாது. மருத்துவர் குறிக்கும் மணியில் கொடுக்க வேண்டும். அலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டோடு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லீவோடோபா செல்லும் அதே வழியில் போட்டியிட்டுச் செல்கின்றன. கூட்டத்தில் மாத்திரை பின்தங்கிவிடுகிறது. உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகவோ, உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தோ, வெறும் தண்ணீரில் கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரஸ்க்கோ சிறு வாழைப்பழமோ போதும்; பாலும் காபியும் வேண்டாம். இதற்காகப் பருப்பையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அவர் இளைத்துப்போவார். இரும்புச் சத்து மாத்திரை எடுத்தால் அதற்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும்; வயிறும் குடலும் மந்தமாக இருந்தால் மாத்திரை குடலுக்குப் போய்ச் சேருவதே தாமதமாகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முழு அளவுக்குத் திரும்புவதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் படிகளில் செய்யுங்கள். அதேபோல், ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே கேடாகலாம். வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் "பார்க்கின்சன் மாத்திரை, நேரம் தவறக் கூடாது" என்று எழுதிய ஒரு தாள் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. சின்னரிசின் டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதுவும் அதன் உறவான ஃப்ளூனரிசினும், நோயே இல்லாத முதியவருக்குக்கூடக் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் வரவழைக்கக் கூடியவை. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் அப்படியே. ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் மடையை அடைப்பதுபோல் எட்டு மாதம் நடந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை; தலைசுற்றல் என்றதும் கடையில் கையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதுதான். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து இதை நிறுத்துங்கள். தலைசுற்றலுக்கான காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: இந்நோயில் படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அவர் ரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துவந்தால், அதன் அளவைக் குறைப்பதே தீர்வாக இருக்கலாம்.

பூனைக்காலி பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. அந்த விதையில் லீவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தவர்கள் சென்னையில், சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும்தான். அப்போது அதற்கு இப்படியொரு பயன் வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் வேலை செய்யும் பொருள் இருக்கிறது என்பதே எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கும் காரணம். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு லீவோடோபா இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையில் கார்பிடோபா என்ற துணைப் பொருள் சேர்ந்திருப்பதால்தான் லீவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போகிறது, குமட்டலும் குறைகிறது. பொடியில் அந்தத் துணை இல்லை. மாத்திரையோடு அளவு தெரியாத பொடியும் சேர்ந்தால் வாந்தி, அழுத்தச் சரிவு, உடல் நெளிவு, மனக் குழப்பம் எல்லாம் வரலாம். மாத்திரையை அஞ்சிப் பாதியாக்கும் ஒருவருக்கு, அதே மருந்தை அளவின்றி விதையிலிருந்து கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இனி உங்கள் அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது நீங்கள் கண்ணால் காண்பது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முகத்தை அவர் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. சிரிப்பையும் வியப்பையும் முகத்துக்குக் கொண்டுவரும் தசைகள் இந்த நோயில் இறுகிவிடுகின்றன, கண் இமைப்பது குறைகிறது, குரல் தணிந்து ஒரே சுரத்தில் போகிறது. உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் முகம் அதைச் சொல்வதில்லை. பத்து மணிக்குத் தானே சட்டை போட்டவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றால், அது பிடிவாதம் இல்லை, மருந்தின் வேகம் இறங்கியிருக்கிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வாயால் கேளுங்கள், பதில் வரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அவரும் ஐந்தாம் வரிசை மாணவனுக்குக் கேட்கும்படி பாடம் நடத்திய அந்தக் குரலில், வேண்டுமென்றே உரக்கப் பேசிப் பழக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர்கள் இந்நோய்க்குக் கற்றுத் தருவதும் இதைத்தான்.

இதோடு ஒன்று. வெளியே வர மறுப்பதும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும் மனச்சோர்வாக இருக்கலாம். அது இந்நோய்க்குப் பின்னால் வரும் வருத்தம் மட்டுமல்ல, நோயின் ஒரு பகுதியே. அதற்கு மருந்தும் உண்டு. மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்வதற்கு வருகிறேன். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னே வரும், கால் வராது, விழுந்துவிடுவார். நினைக்காமல் நடக்கும் நடைதான் இந்நோயில் பழுதாகிறது. கண்ணால் ஒரு குறியைப் பார்த்து, நினைத்து எடுத்து வைக்கும் அடிக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது, அது ஓரளவு திறந்தே இருக்கிறது. ஆகவே அவர் நின்றுவிட்டால், முதலில் முழுதாக நிற்கட்டும். மூச்சு விட்டு, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, தரையில் ஒரு கோட்டைத் தாண்டுவதாக எண்ணிக் காலைத் தூக்கி வைக்கட்டும். கோலத்துக்குக் காவி இழுப்பதுபோல், நிலைப்படிக்கு முன்னும் கழிப்பறை வாசலிலும் ஓரடி இடைவெளியில் நாலைந்து பட்டைகளைத் தரையில் நிறமுள்ள ஒட்டுநாடாவால் குறுக்காக ஒட்டிவிடுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொண்டே நடப்பதும் பலருக்குக் கைகொடுக்கிறது. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். நடக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் டம்ளரைக் கொடுத்து அனுப்பாதீர்கள். மிதியடியை எடுத்துவிடுங்கள்.

உடற்பயிற்சியை மாத்திரைக்கு அடுத்த மருந்தாகவே நான் கருதுகிறேன். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடை, வாரத்தில் பெரும்பாலான நாட்கள். சீனத்து தாய்ச்சி பயிற்சி இந்நோயாளிகள் விழுவதைக் குறைக்கிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் அது கிடைக்காவிட்டால், எடையை நிதானமாகக் காலுக்குக் கால் மாற்றும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

தூக்கத்தில் கத்துவதும் உதறுவதும் கெட்ட ஆவியோ கெட்ட எண்ணமோ அல்ல. கனவு காணும் வேளையில் நம் எல்லோருக்கும் உடல் செயலற்றிருக்கும்; இவர்களுக்கு அந்தப் பூட்டு விழுவதில்லை, கனவில் செய்வதைக் கை செய்துவிடுகிறது. பலருக்கு இது கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்திருக்கும். மோப்ப உணர்வு குறைவதும் மலச்சிக்கலும் அப்படித்தான். கட்டிலைத் தாழ்வாக்கி, பக்கத்தில் மெத்தை போட்டு, எட்டும் தூரத்தில் கண்ணாடிப் பொருள் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். இதைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு என்பதால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தூக்கம் வேண்டும். தனிக் கட்டிலில், தரையில் அல்ல.

நினைவு பற்றி: ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு நினைவும் சிந்தனையும் பாதிக்கப்படுவது உண்மை, எல்லோருக்கும் அல்ல. இல்லாத ஆட்களோ பூச்சிகளோ தெரிவதாக அவர் சொன்னால் உடனே மருத்துவரிடம் போங்கள். நடுக்கத்துக்காகத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை இந்த வயதில் மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைத் தரக் கூடியது. அவருடைய சீட்டில் அது இருந்தால், இன்னும் தேவையா என்று கேளுங்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரை சேர்த்தால், அவர் திடீரென்று இணையச் சீட்டாட்டத்திலோ லாட்டரியிலோ கட்டுக்கடங்காமல் இறங்குகிறாரா என்று கவனியுங்கள். அது அவர் குணம் கெட்டுப்போனதல்ல, மருந்தின் விளைவு. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். உங்களுக்கு வருமா என்றால், பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்நோய் இருப்பதில்லை. 64 வயதை ஒட்டி ஒருவருக்கு மட்டும் வந்திருப்பதால், நீங்கள் பரிசோதனை எதுவும் செய்துகொள்ளத் தேவையில்லை.

வங்கி விஷயத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது இந்நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவரை, அவர் எழுத்து அவருடையதல்ல என்று திருப்பி அனுப்பியது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. இப்போது எழுத வருகிற கையெழுத்தையே புதிய மாதிரிக் கையெழுத்தாகப் பதிந்துகொள்ள வங்கியில் விண்ணப்பியுங்கள். நோயைக் குறிப்பிடும் மருத்துவச் சான்றைச் சேர்த்துக் கொடுங்கள். பின்னாளில் கையெழுத்தே போட முடியாமல் போனாலும், நோயுற்ற முதியவரின் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகளோடு, அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க, ஏற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதியில் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அவருக்கு உரிமை உண்டு.

வங்கிக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், மாத்திரை கொடுத்த மணி, கை கால் இளகிய மணி, மறுபடி இறுகிய மணி ஆகிய மூன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோனால், பரிசோதனை அறிக்கைகளைவிட அது அவருக்கு அதிகம் உதவும். எந்த நேரத்தில் அவர் எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வங்கிக்கு அந்த நேரத்தில் அழைத்துப் போங்கள். மறந்துவிடாமல், அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மாத்திரையை வெறும் தண்ணீரில் கொடுத்துவிட்டு.